வீட்டுத் தரகர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது நடுவில் பெரும்பாலும் ஒருவர் இருப்பார். புரோக்கர், தரகர், மீடியேட்டர், ஏஜென்ட் என்று ஊருக்கு ஒரு பெயர். வீடு காட்டுவதுதான் அவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அவர் வேலையில் சிறு பங்கு. விலையில் ஒட்டாத இரண்டு பேரை ஒட்டவைப்பது, சிதறிக் கிடக்கும் காகிதங்களை ஒரே கோப்புக்குள் கொண்டுவருவது, டோக்கன் (பேச்சை உறுதிசெய்யும் சிறு முன்பணம்) கொடுத்த நாளிலிருந்து கிரையம் (விற்பனைப் பத்திரப் பதிவு) முடியும் வரை இரண்டு மூன்று மாதம் பேச்சு முறியாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்குத்தான் கமிஷன்.

பத்திரங்களைப் படித்து உரிமை சரியா என்று சொல்வது வக்கீலின் வேலை. இடத்தை அளப்பது சர்வேயரின் வேலை. வரி எவ்வளவு என்பதற்கு ஆடிட்டர் இருக்கிறார். இந்த மூன்றையும் “நான் பார்த்துக்கிறேன் சார்” என்று தரகர் சொல்ல, நாமும் தலையாட்டும் இடத்தில்தான் பணம் போகிறது. அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தரகர் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் ஒரே தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சாதாரணம். அதில் தவறில்லை, ஆனால் மறைக்கக் கூடாது. “வீட்டுக்காரரிடமும் வாங்குகிறீர்களா, எவ்வளவு?” என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவரோடு மேலே பேசலாம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: “வீட்டுக்காரரோடு நேரடியாகப் பேசியது நீங்களா, வேறு யாராவதா?” ஒரு வீட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு தரகர்கள் சங்கிலியாக நிற்பது உண்டு. ஒவ்வொருவரும் தன் பங்கை விலைக்குள் ஏற்றுவார். வீட்டுக்காரர் 58 லட்சம் கேட்ட வீடு உங்கள் காதுக்கு வரும்போது 63 லட்சம் ஆகியிருக்கும். இதை உடைக்க ஒரே வழி, இறுதி விலையை வீட்டுக்காரரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதுதான். சந்திப்பைத் தள்ளிக்கொண்டே போகும் தரகர் விலைக்குள் எதையோ வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புதிய அடுக்குமாடியிலோ புதிய மனைப்பிரிவிலோ வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் 8-க்கு மேல் போனாலோ அந்தத் திட்டம் ரெராவில் (அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவான திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம், சொத்தின் விலையில் 5% வரை போகும். தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் எண்ணையும் ஏஜென்டின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். குடியிருந்த பழைய வீட்டை ஒருவர் விற்கும் மறுவிற்பனைக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு நீங்கள் எழுதி வாங்கும் காகிதம் மட்டும்தான்.

படி 2: கமிஷனை எழுத்தில் வையுங்கள்

கமிஷனுக்குச் சட்டம் விகிதம் வைக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2% என்பது பரவலான வழக்கம், ஊரைப் பொறுத்தும் விலையைப் பொறுத்தும் மாறும். 60 லட்சம் ரூபாய் வீட்டில் 1% என்றால் 60,000, 2% என்றால் 1,20,000. தரகர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் அதன்மேல் 18% சேரும். இதை முன்னமே கேட்காமல், கடைசி நாளில் பில்லைப் பார்த்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் சொத்தின் விவரம், கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல் (பத்திரத்தில் எழுதும் விலையா, பேசிய விலையா), எப்போது கொடுப்பது, பேச்சு முறிந்தால் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பரிந்துரை: டோக்கன் கொடுக்கும்போது ஒன்றும் வேண்டாம், அக்ரிமென்ட் பதிவானதும் கால் பங்கு, கிரையம் பதிவானதும் பாதி, பட்டா உட்பட பெயர் மாற்ற வேலைகள் முடிந்ததும் மீதி. முழுக் கமிஷனையும் அக்ரிமென்ட் அன்றே கொடுத்துவிட்டால், அதன்பின் தரகரின் போன் எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம்.

படி 3: விற்பவருக்குத் தரகர் செய்ய வேண்டியவை

முதல் வேலை விலை சொல்வது. இணையதளங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை, கொடுத்த விலை அல்ல. அதே தெருவிலும் அடுத்த தெருவிலும் கடந்த ஓராண்டுக்குள் உண்மையில் கைமாறிய இரண்டு மூன்று வீடுகளைத் தரகர் காட்ட வேண்டும். சாலையின் அகலம், வீட்டின் திசை, கட்டடத்தின் வயது ஆகியவற்றுக்கு எவ்வளவு கூட்டினார், எவ்வளவு குறைத்தார் என்றும் சொல்ல வேண்டும். பழைய தனி வீட்டுக்குப் பெரும்பாலும் நிலத்தின் விலைதான் விலை. 30 வருடக் கட்டடத்துக்குப் புதுக் கட்டட மதிப்பு கேட்டால் வீடு மாதக்கணக்கில் நிற்கும். ஆறு மாதம் விளம்பரத்திலேயே கிடந்த வீட்டைப் பார்க்க வருபவர், “இதில் ஏதோ வில்லங்கம்” என்ற எண்ணத்தோடுதான் படியேறுவார்.

இரண்டாவது, வாங்குபவர் கேட்பதற்கு முன்பே கோப்பைத் தயார் செய்வது. பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறதா? இப்போதே மாற்றுங்கள். வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறதா? எவ்வளவு கட்டினால் முடியும் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கடன் முழுதாக அடைந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. அடமானம் பதிவாகியிருந்தால் அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். கடன் அடைந்து பத்து வருடம் ஆகியும் இந்த ரசீதைப் பதிவு செய்யாததால், வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலில்) அடமானம் அப்படியே நின்று, கிரைய வாரத்தில் எல்லாம் தடைபடுவது அடிக்கடி நடப்பது.

மூன்றாவது, வருகிறவர்களைச் சலிப்பது. வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும், கையில் எவ்வளவு இருக்கிறது, தன் பழைய வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டுமா என்று தரகர் விசாரித்துவிட்டுத்தான் உங்கள் வீட்டு மணியை அடிக்க வேண்டும்.

பத்துப் பேரிடம் சொல்லிவைப்பதா, ஒருவரிடம் மட்டும் கொடுப்பதா? ஒருவருக்கு மட்டும் கொடுப்பதென்றால் 90 நாள் என்று கெடு வையுங்கள். பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துப் பேரும் வெவ்வேறு விலை சொல்லி, உங்கள் வீட்டின் விலையை அவர்களே உடைத்துவிடுவார்கள்.

தரகரிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாதவை: அசல் பத்திரங்கள், கையெழுத்துப் போட்ட வெற்று முத்திரைத்தாள், பவர் பத்திரம் (உங்கள் சார்பில் சொத்தை விற்கும் அதிகாரம் தரும் ஆவணம்). கொடுக்கும் நகல் ஒவ்வொன்றிலும் “விற்பனைக்குப் பார்வையிட மட்டும்” என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள். அலைச்சலைக் குறைக்கிறேன் என்று சொல்லித் தரகரே தன் பெயருக்குப் பவர் எழுதக் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வரியையும் முன்பே பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் ஆதாயத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தென்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டோடு 20% என்ற கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததைக் கட்டலாம். வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. இந்தக் கணக்கை ஆடிட்டரோடு போட்ட பின்பே கடைசி விலையைச் சொல்லுங்கள்.

படி 4: வாங்குபவரின் பணக் கணக்கு

நல்ல தரகர் வீடு காட்டுவதற்கு முன் உங்கள் கைப்பணத்தைக் கேட்பார். ஏன் என்று ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

வீட்டின் விலை 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80% வரை தரலாம், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. 60 லட்சத்துக்கு 5,40,000. இது வங்கிக் கடன் கணக்கில் வராது. 2% கமிஷன் 1,20,000. ஆக 18,60,000 ரூபாய் கையில் வேண்டும். வக்கீல், ஆவண எழுத்தர், வங்கியின் செலவுகள் தனி.

இனி நிஜத்தில் நடப்பது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து “55 லட்சம்தான் தேறும்” என்று எழுதுகிறார். கடன் 44 லட்சமாகச் சுருங்குகிறது. கையில் வேண்டியது 22,60,000. டோக்கன் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் நான்கு லட்சத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அந்தப் பகுதியில் வங்கி மதிப்பீடு பேசும் விலைக்கு எவ்வளவு கீழே வருகிறது என்று தரகரிடம் கேளுங்கள். தொழிலில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும்.

வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்காக அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். பேசிய விலை அதைவிடக் குறைவாக இருந்தாலும் கட்டணம் வழிகாட்டி மதிப்பின்படிதான் கேட்பார்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியிலும் இருவருக்கும் சிக்கல். “பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம், மீதி கையில்” என்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழும். வாங்கும் உங்களுக்கும் நட்டம்தான்: குறைத்து எழுதிய விலைதான் நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் அடக்க விலை.

படி 5: காகிதங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். தரகர் திரட்டித் தர வேண்டிய கட்டு இது: விற்பவர் பெயரிலுள்ள கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம் (அந்த சர்வே எண்ணின் அளவுப் படம்), கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள். வாங்கியவுடன் வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும், தரகர் கூட்டிவந்தவர் வேண்டாம். வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை.

வில்லங்கச் சான்றை, பேச்சுவழக்கில் ஈசியை, குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அது பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு, வரிப் பாக்கி எதுவும் அதில் வராது. இன்னொரு ஓட்டையும் உண்டு. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் மறுஅளவையில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. பிறகு உட்பிரிவும் ஆயின. புதிய எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டால் பழைய எண்ணில் நடந்தவை தெரியாது. பழைய எண், புதிய எண், உட்பிரிவு எண் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பரம்பரைச் சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் “ஒன்றும் கேட்கமாட்டார்கள்” என்ற பேச்சு செல்லாது. அவர்கள் கிரையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்பே பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று வக்கீல் எழுத்தில் சொல்லட்டும். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று நேரில் போய்ப் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது.

பட்டாவை வருவாய்த்துறைத் தளத்தில் சரிபார்த்து, அது புறம்போக்கா, கோயில் நிலமா, வக்பு நிலமா, பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது) என்றும் பார்க்க வேண்டும். காலி மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் கட்டாயம் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அத்தகைய மனைகளை முறைப்படுத்தப் பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்தது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்பது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது.

அடுத்து டேப் எடுத்து அளங்கள். பத்திரத்தில் 40-க்கு 60, அதாவது 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. இடத்தில் அகலம் 38.5 அடிதான் வருகிறது என்றால் 2,310 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்று பேசியிருந்தால் 2,70,000 ரூபாய் காற்றில் போகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கலாம், சாலைக்கு விட்டிருக்கலாம். விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்றும், இடத்தில் உள்ள அளவுக்கே பணம் என்றும் தரகர் முன்னிலையில் பேசிவிடுங்கள்.

அடுக்குமாடியில் இவற்றோடு பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி, கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதம், கட்டட நிறைவுச் சான்று ஆகியவையும் வேண்டும்.

படி 6: டோக்கனும் அக்ரிமென்டும்

டோக்கன் சிறு தொகையாக, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். தரகரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். ரசீதில் “வக்கீல் கருத்து சாதகமாக இல்லாவிட்டாலும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலும் டோக்கன் திருப்பித் தரப்படும்” என்ற வரி இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பேசி வாங்கித் தருவது வாங்குபவருக்குத் தரகர் செய்யும் பெரிய உதவிகளில் ஒன்று.

வக்கீல் பச்சைக்கொடி காட்டியபின் அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். புதிய திட்டங்களில் ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது. கெடுவை வங்கிக் கடனுக்கு ஆகும் நாளையும் சேர்த்து 90 நாளாவது வையுங்கள். வீட்டோடு வரும் பொருள்கள், வாடகைக்காரர் காலி செய்யும் தேதி, யார் தவறினால் என்ன இழப்பு என்பதெல்லாம் இதில் எழுதப்பட வேண்டும்.

விற்பவருக்கு ஒரு எச்சரிக்கை. பேச்சு முறிந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இருக்காதீர்கள். பதிவான அக்ரிமென்ட் ஈசியில் நிற்கும். அதை ரத்து செய்யும் ஆவணத்தையும் சேர்ந்து போய்ப் பதிவு செய்தால்தான் அடுத்தவருக்கு விற்க முடியும். ரத்துப் பதிவு நடக்கும் அதே நாளில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

படி 7: கிரைய நாள்

வரைவுப் பத்திரத்தை ஒரு வாரம் முன்பே தரகர் இரு தரப்புக்கும் அனுப்ப வேண்டும். பெயரின் எழுத்து, நான்கு எல்லைகள், சர்வே எண், அளவு, பணம் கொடுத்த விவரம் ஆகியவற்றை விரலை வைத்து வாசியுங்கள். பதிவான பத்திரத்தில் ஒரு எண் தவறினாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு மறுபடி எல்லாரும் வர வேண்டும்.

மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 60,000 பிடித்து 59,40,000 விற்பவருக்கு. நான்கு வாரிசுகள் தலா 15 லட்சம் வாங்கினாலும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள், ஆகவே பிடித்தாக வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% கணக்கே பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

பதிவுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் டோக்கன் நேரம் வாங்குவது, கட்டணத்தை இணையத்தில் கட்டவைப்பது, அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள், வங்கி ஆள் காசோலையோடு சரியான நேரத்தில் வருவது எல்லாம் தரகரின் பொறுப்பு. முதல்நாள் இரவு ஈசியை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அக்ரிமென்டுக்கும் கிரையத்துக்கும் நடுவில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கலாம். காலையில் ஒருமுறை வீட்டுக்குப் போய், காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். விற்பவர் கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் முன் ஒப்புக்கொண்டதும் காசோலை கைமாறும். அதே இடத்தில் சாவியும் அசல் தாய்ப்பத்திரங்களும் வர வேண்டும். “அசலை நாளைக்குத் தருகிறேன்” என்றால் காசோலையும் நாளைக்குத்தான்.

படி 8: பதிவுக்குப் பின்

உட்பிரிவு தேவைப்படாத முழு சர்வே எண் என்றால் பட்டா பெயர் மாற்றம் பதிவோடு சேர்ந்தே இணையவழியில் நகர்ந்துவிடும். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். அன்று தரகரோ நீங்களோ இடத்தில் நிற்பது நல்லது. பிறகு சொத்துவரி, குடிநீர் வரி, மின் இணைப்பு என ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுங்கள். கிரைய நாள் வரைக்குமான மின்கட்டணத்தை மீட்டர் அளவைப் போட்டோ எடுத்துவைத்து விற்பவரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். டிடிஎஸ் சான்றிதழை விற்பவருக்கு அனுப்ப மறக்காதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஈசியை மறுபடி போட்டு, உங்கள் பெயரும் ஆவண எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய பட்டாவின் நகல் கைக்கு வந்த அன்று, நிறுத்திவைத்த கமிஷனை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள்.